2008 நிதி நெருக்கடியும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களும்: கண்காணிப்பு மாநிலங்களிடமா, மத்திய அரசிடமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிப்பவர் யார்?

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு காப்பீட்டுத் துறையும் அதற்கு ஓர் ஆணையரும் உண்டு. சில மாநிலங்களில் அவரை ஆளுநர் நியமிக்கிறார். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறுவனத்துக்கும் முகவருக்கும் உரிமம் வழங்குவது, பாலிசியின் வாசகத்தைச் சரிபார்ப்பது, பல வகைக் காப்பீடுகளில் பிரீமியக் கட்டணத்துக்கு ஒப்புதல் தருவது, எதிர்காலக் கோரிக்கைகளுக்கான ஒதுக்கீடு போதுமா என்று கணக்கைத் தணிக்கை செய்வது, நிறுவனம் நொடித்தால் நீதிமன்றத்தின் வழியாக அதைக் கையகப்படுத்துவது ஆகிய அனைத்தும் இந்தத் துறையின் வேலை. இந்தியாவில் இந்தப் பணிகளை நாடு முழுமைக்கும் ஒரே ஆணையமான ஐஆர்டிஏஐ செய்கிறது. வங்கிகளுக்கு, நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் போன்ற மத்திய அமைப்புகளை வைத்துள்ள அமெரிக்கா, காப்பீட்டுக்கு மட்டும் அப்படி ஒரு மத்திய ஆணையத்தை இன்றுவரை உருவாக்கவில்லை.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

19-ஆம் நூற்றாண்டில் தீக்காப்பீடு பெரும்பாலும் உள்ளூர்த் தொழிலாக இருந்தது. 1851-இல் நியூ ஹாம்ப்ஷயர் முதல் காப்பீட்டு ஆணையர் குழுவை அமைத்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. வெளிமாநில நிறுவனங்கள் பிணையாகப் பத்திரங்களை வைப்பு வைக்க வேண்டும் என்று வர்ஜீனியா சட்டம் இயற்றியிருந்தது. அந்த வைப்பு இல்லாமல் நியூயார்க் நிறுவனங்களுக்காகப் பாலிசி விற்ற சாமுவேல் பால் என்ற முகவருக்கு அபராதம் விதிக்கப்பட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காப்பீட்டு ஒப்பந்தம் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது என்று 1869-இல் அந்த நீதிமன்றம் கூறியது. வணிகம் இல்லை என்றால் அதை ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரமும் இல்லை. காப்பீட்டு நிறுவனங்களே அன்று மத்திய அரசின் ஒரே சட்டத்தை விரும்பி இந்த வழக்குக்குத் துணைநின்றன என்பதைக் குறிப்பிட வேண்டும். பிற்காலத்தில் அவற்றில் பல இந்தத் தீர்ப்பின் பலனையே இறுகப் பற்றிக்கொண்டன.

75 ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. தென்மாநிலத் தீக்காப்பீட்டு நிறுவனங்கள் சங்கமாகச் சேர்ந்து கட்டணத்தைத் தங்களுக்குள் நிர்ணயித்த வழக்கில், காப்பீடும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே என்று 1944-இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. மாநிலங்கள் தங்கள் வரி வருவாயும் அதிகாரமும் பறிபோகும் என்று அஞ்சின. அடுத்த ஆண்டு மார்ச்சில் நிறைவேறிய மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அந்த அதிகாரத்தை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுத்தது. காப்பீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாத எந்த மத்தியச் சட்டமும் காப்பீட்டுத் தொழிலுக்கான மாநிலச் சட்டத்தை மீறி நிற்காது என்பது அதன் சாரம். இன்றைய விவாதங்கள் அனைத்தும் இந்தச் சட்டத்தைச் சுற்றியே நடக்கின்றன.

ஐம்பது மாநிலங்கள் ஐம்பது விதமாக நடந்துகொண்டால் குழப்பம் வராதா?

வரும், வந்தும் இருக்கிறது. அதைக் குறைக்கவே 1871 முதல் தேசியக் காப்பீட்டு ஆணையர்கள் சங்கம் இயங்குகிறது. அது மாதிரிச் சட்டங்களை எழுதும். ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் அதை ஏற்றால்தான் அது சட்டமாகும். 1991-இல் எக்ஸிக்யூட்டிவ் லைஃப் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் தரம் குறைந்த கடன்பத்திரங்களில் பெருமளவு முதலீடு செய்து நொடித்தது. அதே ஆண்டில் நியூ ஜெர்சியின் மியூச்சுவல் பெனிஃபிட் லைஃப் வீழ்ந்தது. மத்திய அரசு தலையிட்டுவிடும் என்ற அச்சம் அப்போதுதான் மாநிலங்களை விரைந்து செயல்பட வைத்தது. நிறுவனம் ஏற்றிருக்கும் ஆபத்தின் அளவுக்கு ஏற்ப மூலதனம் வைக்க வேண்டும் என்ற விதி 1990-களின் முற்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாநிலத் துறையின் தரத்தையும் சங்கமே சோதித்து அங்கீகரிக்கும் ஏற்பாடும் அந்தக் காலத்தில் வேரூன்றியது.

2008-இல் ஏஐஜி வீழ்ந்தபோது யார் அதைக் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள்?

ஏஐஜி என்பது ஒரே நிறுவனம் அன்று. அமெரிக்க மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் பல காப்பீட்டு நிறுவனங்களைக் கொண்ட குழுமம் அது. ஒவ்வொரு அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தையும் அது பதிவுபெற்ற மாநிலம் கண்காணித்தது. உச்சியிலிருந்த தாய் நிறுவனத்தின் மேற்பார்வை மட்டும் சேமிப்பு வங்கிகள் மேற்பார்வை அலுவலகம் என்ற மத்திய அமைப்பிடம் இருந்தது. ஏஐஜி சிறியதாக ஒரு சேமிப்பு வங்கியை வைத்திருந்ததே அதற்குக் காரணம். வீட்டுக்கடன் வழங்கும் சேமிப்பு வங்கிகளைப் பார்வையிடப் பழகிய அலுவலகம், உலகின் மிகப் பெரிய காப்பீட்டுக் குழுமங்களுள் ஒன்றைக் கண்காணிக்கும் பொறுப்பை அப்படித்தான் பெற்றது.

சிக்கல் பெருத்தது லண்டனிலும் கனெக்டிகட்டிலும் இயங்கிய ஏஐஜி ஃபைனான்ஷியல் புராடக்ட்ஸ் என்ற கிளை நிறுவனத்தில். வங்கிகள் வைத்திருந்த கடன்பத்திரங்கள் மதிப்பிழந்தால் ஈடுசெய்வதாக அது ஒப்பந்தம் போட்டது. இதற்குக் கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப் என்று பெயர். 2007-இன் இறுதியில் இவற்றில் மிக உயர்தரம் எனக் கருதப்பட்டவற்றின் முகமதிப்பு மட்டும் சுமார் 52,700 கோடி டாலர். பணம் வாங்கிக்கொண்டு நட்டத்தை ஏற்பதாக வாக்குக் கொடுப்பது பார்வைக்குக் காப்பீடுதான். ஆனால், வாங்குபவர் உண்மையில் நட்டமடைந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத ஸ்வாப் காப்பீடு ஆகாது என்று 2000-ஆம் ஆண்டில் நியூயார்க் காப்பீட்டுத் துறை கருத்துரைத்தது. அதே ஆண்டு இறுதியில் வந்த மத்தியச் சட்டம் இந்த ஒப்பந்தங்களைப் பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கியது. காப்பீட்டு ஒப்பந்தமாக இருந்திருந்தால் ஒதுக்கீடும் மூலதனமும் கேட்டிருப்பார்கள். ஸ்வாப் என்று பெயர் சூட்டியதால் எவரும் கேட்கவில்லை.

அப்படியானால் மத்திய அரசு கோட்டைவிட்டது, மாநிலங்கள் தங்கள் கடமையைச் சரியாகச் செய்தன என்று கொள்ளலாமா?

மாநில ஆணையர்கள் பலகாலம் இதைத்தான் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் நம்பினேன். கணக்குகளைப் பார்க்கப் பார்க்க அந்த நம்பிக்கை தளர்ந்தது. காரணம், அதிகம் பேசப்படாத பத்திரக்கடன் வணிகம்.

ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் நீண்டகாலக் கடன்பத்திரங்களைக் கையில் வைத்திருக்கும். அவற்றைச் சில நாள்களுக்கோ வாரங்களுக்கோ பிறருக்குக் கடனாகக் கொடுத்து, ஈடாக ரொக்கம் வாங்கி, அந்த ரொக்கத்தைப் பாதுகாப்பான குறுகியகால முதலீட்டில் போட்டுச் சிறு வருமானம் ஈட்டுவது பழைய வழக்கம். கடன் வாங்கியவர் பத்திரத்தைத் திருப்பித் தந்தவுடன் ரொக்கத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பதால் அந்த முதலீடு உடனே பணமாகக்கூடியதாக இருக்க வேண்டும். ஏஐஜியின் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் சார்பில் இந்த வணிகத்தை நடத்தியவர்களோ அந்த ரொக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வீட்டுக்கடன் சார்ந்த பத்திரங்களில் போட்டார்கள். இன்றோ நாளையோ திருப்பித் தர வேண்டிய பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கும் முதலீட்டில் சிக்கியது. வீட்டுச் சந்தை சரிந்ததும் அந்தப் பத்திரங்களை விற்கவும் வழியில்லை; கடன் வாங்கியவர்கள் ரொக்கத்தைக் கேட்டு வரிசையாக வந்தார்கள்.

இந்த நிறுவனங்கள் டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்களின் நேரடிக் கண்காணிப்பில் இருந்தவை. 2007-இல் ஆணையர்கள் இதைக் கவனித்து, வணிகத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்குள் அது தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டது. 2008-இல் ஏற்பட்ட நட்டம் 2,000 கோடி டாலரைத் தாண்டியது. அக்டோபரில் ஃபெடரல் ரிசர்வ் இதற்கென 3,780 கோடி டாலர் வரை தனி வசதி தந்தது. டிசம்பரில் மெய்டன் லேன் 2 என்ற அமைப்பை நிறுவி, அதற்கு 1,950 கோடி டாலர் கடன் தந்து அந்தப் பத்திரங்களை வாங்க வைத்தது. அந்தக் கை நீளாமல் இருந்திருந்தால் சில ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களையேனும் மாநிலங்கள் கையகப்படுத்த நேர்ந்திருக்கும் என்றே கருதுகிறேன்.

ஆகவே குற்றத்தை ஒருபக்கமாகச் சுமத்த இயலாது. தாய் நிறுவனத்தைப் பார்க்க வேண்டிய மத்திய அலுவலகம் ஸ்வாப்பின் ஆபத்தை எடைபோடத் தவறியது. அதன் தற்காலிகத் தலைவர் 2009 மார்ச்சில் செனட் குழுவின்முன் அதை ஒப்புக்கொண்டார். மாநிலங்கள் தத்தம் நிறுவனத்தின் ஏட்டைப் பார்த்தன. எல்லா ஏடுகளிலும் இருந்த ஒரே ஆபத்தைக் கூட்டிப் பார்ப்பது எவருடைய கடமையாகவும் இருக்கவில்லை.

ஏஐஜியை மாநிலங்களே மீட்டிருக்க முடியாதா?

முயன்றார்கள். 2008 செப்டம்பர் 15 அன்று, காப்பீட்டுத் துணை நிறுவனங்களின் சொத்திலிருந்து 2,000 கோடி டாலர் வரை தாய் நிறுவனம் பயன்படுத்திக்கொள்ள நியூயார்க் மாநிலம் இசைவு தெரிவித்தது. அன்றைய காப்பீட்டுக் கண்காணிப்பாளர் எரிக் டினாலோ இதில் முன்னின்றார். அன்று மாலையே மூன்று தரமதிப்பீட்டு நிறுவனங்களும் ஏஐஜியின் தரத்தைக் குறைத்தன. ஸ்வாப் வாங்கியவர்களுக்குக் கூடுதல் ஈடு தர வேண்டிய கட்டாயம் எழுந்தது. மறுநாள் ஃபெடரல் ரிசர்வ் 8,500 கோடி டாலர் கடன் அறிவித்து, ஈடாக 79.9 விழுக்காட்டு உரிமையை அரசுக்குப் பெற்றது. பிற்பாடு ஒதுக்கப்பட்ட மொத்த உதவி 18,200 கோடி டாலரைத் தொட்டது. 2012 டிசம்பரில் கடைசிப் பங்கு விற்கப்பட்டபோது அரசுக்கு 2,270 கோடி டாலர் உபரி கிடைத்ததாகக் கணக்கிடப்பட்டது.

மாநில ஆணையருக்குப் பூட்டுப்போடும் அதிகாரம் உண்டு. பணம் அச்சிடும் அதிகாரம் இல்லை. ஒரே இரவில் பல ஆயிரம் கோடி டாலர் தேவைப்படும்போது மத்திய வங்கியைத் தவிர வேறு கதவு இல்லை. இந்த ஓர் உண்மையை மாநிலங்களின் ஆதரவாளர்கள் எதிர்கொண்டே ஆக வேண்டும்.

நெருக்கடியின்போது மாநிலங்கள் விதிகளைத் தளர்த்தினவா?

தளர்த்தின. 2008 இறுதியில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் மூலதன விதிகளில் சலுகை கேட்டன. 2009 ஜனவரியில் ஆணையர்கள் சங்கம் அந்த வேண்டுகோளை ஒட்டுமொத்தமாக நிராகரித்தது. ஆனால் தனித்தனி மாநிலங்கள், தங்கள் எல்லைக்குள் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கு விதிவிலக்கு வழங்கின. அதே ஆண்டின் இறுதியில், வீட்டுக்கடன் பத்திரங்களின் ஆபத்தைத் தரமதிப்பீட்டு நிறுவனங்களின் குறியீட்டைக் கொண்டு அளக்காமல், பிம்கோ என்ற முதலீட்டு நிறுவனத்தின் கணிப்பைக் கொண்டு அளக்கலாம் என்று சங்கமே முடிவு செய்தது. அதனால் தேவைப்பட்ட மூலதனம் குறைந்தது.

இதை நான் முழுவதும் தவறு என்று சொல்லமாட்டேன். முப்பது ஆண்டு கழித்துப் பணம் தர வேண்டிய நிறுவனத்தை ஒரு மாதச் சந்தை விலையை வைத்து நொடித்ததாக அறிவித்தால், அதன் சொத்தை அடிமாட்டு விலைக்கு விற்க நேரும்; நட்டம் பாலிசிதாரரையே சேரும். ஆனால் தன் மாநிலத்தில் வேலையும் வரியும் தரும் நிறுவனம் கேட்டது என்பதற்காக ஓர் ஆணையர் இறங்கிவந்தால், அதே நிறுவனத்திடம் பாலிசி வாங்கிய வேறு மாநிலத்தவர் அதைத் தட்டிக்கேட்க வழியில்லை.

ஏஐஜியைத் தவிர வேறு காப்பீட்டு நிறுவனங்களுக்கு அரசுப் பணம் போனதா?

போனது. ஹார்ட்ஃபோர்ட் 340 கோடி டாலரும் லிங்கன் நேஷனல் 95 கோடி டாலரும் 2009-இல் பெற்றன. இரண்டும் அடுத்த ஆண்டே திருப்பித் தந்தன. அந்த உதவி வங்கிகளுக்கானது என்பதால், தகுதி பெறுவதற்காக இவை சிறிய சேமிப்பு நிறுவனங்களை வாங்க வேண்டியிருந்தது.

பத்திரக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு என்ன ஆனது?

நகராட்சிகள் வெளியிடும் கடன்பத்திரங்களுக்கு உத்தரவாதம் தந்து பிழைத்த எம்பிஐஏ, ஆம்பாக் முதலிய நிறுவனங்கள் வீட்டுக்கடன் பத்திரங்களுக்கும் உத்தரவாதம் தரப் போய்ச் சிக்கின. இவை முழுக்க முழுக்க மாநிலங்களின் கண்காணிப்பில் இருந்தவை. எம்பிஐஏ நிறுவனத்தை நகராட்சிப் பத்திரப் பகுதி தனியாகவும் மற்றது தனியாகவும் பிரிக்க 2009 பிப்ரவரியில் நியூயார்க் இசைந்தது. வங்கிகள் அதை எதிர்த்து வழக்காடின. ஆம்பாக்கின் நச்சுப் பகுதியை 2010 மார்ச்சில் விஸ்கான்சின் மாநிலம் தனிக் கணக்காக ஒதுக்கித் தன் பொறுப்பில் எடுத்தது. மாநிலக் கண்காணிப்பு இயல்பாகவே பாதுகாப்பானது என்ற வாதத்துக்கு இந்த அத்தியாயம் இடம் தரவில்லை.

2010-ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டம் எதை மாற்றியது?

நெருக்கடிக்குப் பின் நிதித்துறையைச் சீர்திருத்த வந்த இந்தச் சட்டம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே மாற்றியது. காப்பீட்டு நிறுவனம் விரும்பினால் மத்திய உரிமம் பெறலாம் என்ற யோசனையை 2008 மார்ச்சில் நிதியமைச்சகமே முன்வைத்திருந்தது, நாடாளுமன்றத்தில் அதற்கான மசோதாக்களும் வந்தன, எதுவும் நிறைவேறவில்லை. புதிய சட்டம் நிதியமைச்சகத்துக்குள் மத்திய காப்பீட்டு அலுவலகத்தை உருவாக்கியது. அது தகவல் திரட்டலாம், அறிக்கை தரலாம், வெளிநாடுகளோடு பேசலாம். உரிமம் வழங்கவோ தண்டிக்கவோ முடியாது. சேமிப்பு வங்கிகள் மேற்பார்வை அலுவலகம் 2011-இல் கலைக்கப்பட்டது. ஸ்வாப் ஒப்பந்தங்கள் மத்திய ஆணையங்களின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. காப்பீட்டு நிறுவனம் நொடித்தால் அதை மாநிலச் சட்டப்படியே தீர்க்க வேண்டும் என்பது மாறவில்லை. குறித்த 60 நாள்களுக்குள் மாநிலம் செயல்படாவிட்டால் மட்டும், வங்கி வைப்புகளுக்கு உத்தரவாதம் தரும் மத்திய வைப்புக் காப்பீட்டுக் கழகம் மாநிலத்தின் இடத்தில் நின்று நடவடிக்கை எடுக்கலாம்.

நாட்டின் நிதி நிலைத்தன்மையைக் கவனிக்க ஒரு மேற்பார்வைக் குழுவும் அமைந்தது. வங்கி அல்லாத பெரிய நிறுவனத்தை ஆபத்தானது எனக் குறித்து ஃபெடரல் ரிசர்வின் கண்காணிப்பில் வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஏஐஜியும் புருடென்ஷியலும் 2013-இலும், மெட்லைஃப் 2014 டிசம்பரிலும் அப்படிக் குறிக்கப்பட்டன.

அந்த அதிகாரம் இன்றும் செயலில் உள்ளதா?

காப்பீட்டைப் பொறுத்தவரை ஏட்டில் உள்ளது. மெட்லைஃப் வழக்குத் தொடுத்தது. அந்த நிறுவனம் இடர்ப்பட வாய்ப்பு எவ்வளவு என்று குழு ஆராயவில்லை, குறிப்பதால் ஏற்படும் செலவையும் கணக்கில் எடுக்கவில்லை என்று கூறி, நீதிபதி ரோஸ்மேரி காலியர் 2016 மார்ச்சில் அந்த முடிவை ரத்து செய்தார். 2018-இல் அரசு மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஏஐஜியை 2017-இலும் புருடென்ஷியலை 2018-இலும் குழுவே விடுவித்தது. குழுவில் காப்பீட்டு அறிவுக்கென நியமிக்கப்பட்ட வாக்குரிமை உறுப்பினர் ராய் வுடால், புருடென்ஷியலையும் மெட்லைஃபையும் குறிப்பதை எதிர்த்தே வாக்களித்தார். அவருடைய மறுப்பை நான் மதிக்கிறேன். காப்பீட்டு நிறுவனத்தில் வங்கியைப் போல ஒரே நாளில் எல்லோரும் பணம் எடுக்க முடியாது என்பது சரியான வாதம். ஆயினும் பத்திரக்கடன் வணிகத்தில் பணம் கேட்டு ஓடிவந்தவர்கள் பாலிசிதாரர்கள் அல்லர், பெரிய நிதி நிறுவனங்கள் என்பதை அந்த வாதம் மறந்துவிடுகிறது.

நிறுவனம் மூழ்கினால் பாலிசிதாரருக்கு என்ன கிடைக்கும்?

காப்பீட்டு நிறுவனங்கள் மத்தியத் திவால் சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. மாநில ஆணையர் நீதிமன்ற ஆணையோடு பொறுப்பேற்று, முதலில் சீரமைக்க முயல்வார், இயலாவிட்டால் கலைப்பார். கலைக்கும்போது ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள உத்தரவாதச் சங்கம் கைகொடுக்கும். பல மாநிலங்களில் ஆயுள் காப்பீட்டின் இறப்புத் தொகைக்கு 3,00,000 டாலரும், ஓய்வூதிய ஒப்பந்தத்துக்கு 2,50,000 டாலரும் வரம்பு. வங்கி வைப்புக்கு இருப்பதைப் போல முன்கூட்டியே திரட்டிய நிதி பெரும்பாலும் இதற்குக் கிடையாது. ஒரு நிறுவனம் மூழ்கிய பிறகே மற்ற நிறுவனங்களிடம் வசூலிக்கிறார்கள். தனியொரு நிறுவனம் வீழும்போது இது போதும். ஒரே காரணத்தால் பல நிறுவனங்கள் சேர்ந்து தடுமாறும் ஆண்டில், நலிந்தவரிடமே வசூலிக்கும் நிலை வரும்.

காலமும் பிடிக்கும். முதியோர் நீண்டகாலப் பராமரிப்புக்கான பாலிசிகளை விற்ற பென் ட்ரீட்டி நிறுவனத்தை பென்சில்வேனியா ஆணையர் 2009-இல் பொறுப்பேற்றார். கலைப்பு ஆணை வந்தது 2017 மார்ச்சில்.

அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்கள் 2008-இல் பாதிக்கப்பட்டார்களா?

அச்சம் பரவியது. சிங்கப்பூரில், அன்று ஏஐஜி குழுமத்தைச் சேர்ந்த ஆயுள் காப்பீட்டு நிறுவனமான ஏஐஏ-வின் அலுவலகத்தின்முன் பாலிசியைச் சரண் செய்ய மக்கள் வரிசையில் நின்றார்கள். பாலிசிதாரர் நிதி தனியாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளது, போதிய சொத்து உள்ளது, அவசரப்பட வேண்டாம் என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் அறிவித்தது. இந்தியாவில் டாடா ஏஐஜி நிறுவனங்களில் ஏஐஜியின் பங்கு அப்போது 26 விழுக்காடு மட்டுமே. அங்கும் ஒழுங்குமுறை ஆணையம் பாலிசிதாரருக்கு உறுதியளித்தது. இரண்டு நாடுகளிலும் பாலிசிகள் தொடர்ந்தன. அவசரத்தில் சரண் செய்தவர்கள் கட்டிய பணத்தில் ஒரு பகுதியையும், வயது ஏறியபின் எளிதில் கிடைக்காத காப்பையும் இழந்தார்கள். தாய் நிறுவனத்தின் கை எட்டாதபடி துணை நிறுவனத்தின் சொத்தைச் சுவர் எழுப்பிக் காப்பது மாநிலக் கண்காணிப்பு மரபின் வலுவான பகுதி. அதைப் போன்ற ஏற்பாட்டின் பயனைச் சிங்கப்பூர் பாலிசிதாரர்கள் நேரில் கண்டார்கள்.

ஒரே மத்திய ஆணையம் இருந்தால் நல்லதா?

பாலிசிதாரரின் புகார், கோரிக்கைத் தகராறு, உள்ளூர்ப் புயல், வெள்ள அபாயத்துக்கேற்ற கட்டணம் ஆகியவற்றுக்கு மாநிலமே பொருத்தம். நிறுவனத்தின் அன்றாடத் தணிக்கையையும் மாநிலங்களிடமே விடலாம் என்பது என் கருத்து. குழுமம் முழுவதையும் கூட்டிப் பார்க்கும் பொறுப்பும், நெருக்கடியில் பணம் தரும் பொறுப்பும் ஒரே இடத்தில், மத்தியில் இருக்க வேண்டும். பணம் கொடுக்க வேண்டியவர் கண்காணிக்கவில்லை, கண்காணித்தவரிடம் பணம் இல்லை என்ற 2008-இன் நிலை திரும்பக் கூடாது. குழும மூலதனத்தைக் கணக்கிடும் முறையை ஆணையர்கள் சங்கம் 2020-இல் ஏற்றுக்கொண்டது நல்ல தொடக்கம். ஆனால் அது கண்காணிப்புக்கான அளவுகோல் மட்டுமே, குறைந்தபட்ச மூலதனக் கட்டாயம் இல்லை.

இப்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மறுகாப்பீட்டை, அதாவது ஒரு காப்பீட்டு நிறுவனம் தான் ஏற்ற பொறுப்பை இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதை. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் கடப்பாடுகளைச் சொந்தத் துணை நிறுவனத்துக்கோ பெர்முடா போன்ற இடங்களுக்கோ மாற்றி, வைத்திருக்க வேண்டிய ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொள்கின்றன. நியூயார்க்கைத் தளமாகக் கொண்ட நிறுவனங்கள் இப்படி 4,800 கோடி டாலரை நகர்த்தியிருப்பதாக அம்மாநில நிதிச்சேவைத் துறை 2013-இல் வெளிப்படுத்தியது. அதன்பின் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் ஆயுள் காப்பீட்டில் பெருமளவு இறங்கியுள்ளன. 2022 ஜனவரியில் அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனம், ஏதீன் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. இந்தக் குழுமங்களில் பாலிசி விற்பவர் ஒரு மாநிலத்திலும், கடப்பாட்டை ஏற்றவர் ஒரு தீவிலும், சொத்தை நிர்வகிப்பவர் நியூயார்க்கிலும் இருக்கலாம். அந்த மூன்று ஏடுகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்கும் கடமையை இன்றும் எந்தச் சட்டமும் மத்தியில் ஒருவரிடம் ஒப்படைக்கவில்லை.